அஞ்சலை வாங்கிய ஐந்து ஸ்டார் ஃப்ரிட்ஜ்

சரவணா,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் அப்படித்தான் இருந்தது. நானும் இருக்கிறேன். கடை திறக்கிறேன், மூடுகிறேன், சாப்பிடுகிறேன். நம்மூர் வியாபாரிகள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கடைக்கு வந்து கேட்டார். "ஒரு லேடி இத்தினி வருஷமா தனியா கடை நடத்தறீங்க, அத பத்தி எழுதுங்கம்மா" என்றார். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உனக்கு எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதையே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மரக்காணம் பஜாரில் இதை ஆளுக்கொரு விதமாகப் பேசித் தீர்த்துவிட்டார்கள். நடந்தது நடந்தபடி ஒரு தடவை அச்சில் இருக்கட்டும். அஞ்சலையிடமும் கேட்டேன். "எம் பேர போடுங்க, பரவால்ல. அப்படியே எங்க மாவு நல்லா இருக்கும்னும் சேத்து போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன். அவள் மாவு நன்றாகத்தான் இருக்கும்.

கல்யாணத்தை டெல்லியிலேயே ஒரு கோயிலில் முடித்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஒரு வாஷிங் மெஷினுக்கு வாரண்டி அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் அதைத்தான் எழுதினேன். நித்யா வீட்டில் கடலூரில் எல்லோரும் டெல்லிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள் என்றாய். லீவு கிடைக்காது என்றாய். நீ சொல்லாமல் விட்ட காரணம் எது என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாமல் விடுவது எனக்குப் புதிதல்ல. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நித்யாவும் இதைப் படிப்பாள். அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா ஃபேனும் மிக்சியும் விற்ற கடையை நான் ஃப்ரிட்ஜ், ஏசி வரைக்கும் கொண்டுவந்தேன். அவர் கடையிலேயே, ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் நான் அழவில்லை. வண்டிக்காரருக்கு இறக்குக்கூலி கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். நீ காலேஜில் இருந்தாய். பிறகு இன்ஜினியராகி, வீட்டுச் சாமான்கள் எவ்வளவு கரண்ட் குடிக்கலாம் என்று அரசாங்கம் விதி போடும் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் விற்கிற பெட்டிகளின் கதவில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டார் ஸ்டிக்கர் உன் ஆபீசிலிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அது கம்பெனிக்காரன் அழகுக்கு ஒட்டுவது என்று நினைத்திருந்தேன்.

நீ சேர்ந்த புதிதில் ஒரு நாள் உன்னிடம் சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் ஐந்து ஸ்டார் போட்டு வந்த அதே மாடல் இந்த வருஷம் மூன்று ஸ்டாரோடு வந்திறங்கியது. "அதே பொட்டிதான, அது இன்னா தப்பு பண்ணிச்சி?" என்று வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். நான் உன்னைக் கேட்டேன். "பொட்டி அப்படியே தான்மா இருக்குது. நாங்க பாஸ் மார்க்க ஏத்திட்டோம். ஏத்தலன்னா எந்த கம்பெனியும் இதுக்கு மேல படிக்காது" என்றாய். எனக்குப் புரிந்தது. அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. "எம் புள்ள ஆபீஸ்லதான் இந்த ஸ்டார போடறாங்க" என்றும் சொன்னேன். அது நல்ல வியாபாரம் பண்ணிக் கொடுத்தது. இந்த உப்புக் காற்றில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஏமாந்துவிடுவோமோ என்று பயந்து பயந்துதான் இங்கே ஜனங்கள் வாங்குவார்கள். ஆபீசரின் அம்மா சொன்னால் அந்தப் பயம் போய்விடும்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். போகிக்கு முந்தின நாளோ என்னவோ, கடையில் நல்ல கூட்டம். மழை விட்டு உப்பளத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். ஆட்கள் கையில் முன்பணம் இருந்தது. நீ கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அஞ்சலை தன் புருஷனோடு வந்தாள். நித்யாவுக்கு அஞ்சலையைத் தெரியாது. கால் வெடித்துப் புண்ணாகி இனி உப்பளத்தில் இறங்க முடியாது என்று ஆன பிறகு, இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தவள். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் மாவை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி முகம் சுளிக்க ஆரம்பித்ததும், சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்து வந்திருந்தாள்.

அவளுக்கு நான் அந்த ஒற்றைக் கதவுப் பெட்டியைக் காட்டினேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். விலை குறைவு, கதவில் ஐந்து ஸ்டார். அஞ்சலைக்கு ஸ்டார் முக்கியம். கரண்ட் இலவச யூனிட்டைத் தாண்டிவிட்டால் மாவில் வருகிறது பில்லில் போய்விடும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். என்னிடம் கேட்டுவிட்டு, நேராக உன்னிடம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கீங்க. இந்த ஸ்டாரு நெசந்தான?"

நீ செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினாய். அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாய். "அம்மா கிட்ட கேளுங்கக்கா" என்றாய். பிறகு எழுந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாய். உனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். "எங்க வூட்டு புள்ளயே போட்ட ஸ்டாரு, தைரியமா எடுத்துக்கோ" என்றேன். எடுத்துக்கொண்டாள். குட்டியானை வண்டியில் ஏற்றி, பெட்டிக்குப் பொட்டு வைத்து அனுப்பினோம்.

அதன் பிறகும் அந்த மாடலை நான் விற்றேன். கோடை நெருங்க நெருங்க நன்றாகப் போனது. வெயில் ஏறிய பிறகுதான் உன் போன் வந்தது. அந்த மாடல் டெஸ்டில் தேறவில்லை, ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட அதிகம் கரண்ட் இழுக்கிறது, விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போய்விட்டது என்றாய். எங்கேயோ ஒரு கடையில் எடுத்த பெட்டியைச் சூடான அறையில் வைத்து நாள் கணக்கில் ஓடவிட்டு அளந்து பார்த்ததையும், முதல் பெட்டி தேறாததால் மறுபடி வேறு பெட்டிகளை எடுத்து அளந்ததையும் பொறுமையாக விளக்கினாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அம்மா, மொத டெஸ்ட் ஃபெயில் ஆனது எனக்கு பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்" என்றாய்.

நான் "சரி" என்றேன்.

"ரெண்டாவது டெஸ்ட் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதும்மா. ரூல் அப்படி."

"சரி பா. ஆள் நிக்கறாங்க, வைக்கறேன்" என்றேன். உண்மையிலேயே ஆள் நின்றிருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு டேபிள் ஃபேன் ஓட்டிக் காட்டினேன். கை அதன் வேலையைச் செய்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அப்படியே. வலிக்கும், கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நின்றவர்கள், மாலையில் காலில் முள் குத்தினாலும் தெரியாது என்பார்கள். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

விற்காமல் இருந்த பெட்டிகளை, கடைக்குச் சரக்குப் போடும் ஏஜென்சி ஆள் புதுச்சேரியிலிருந்து வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். விற்றதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். "வித்தது வித்ததுதாங்கம்மா. கஸ்டமர் கம்ப்ளைன்ட் குடுத்தா கம்பெனி பாக்கும். நீங்களா போயி எதையும் கௌறாதீங்க" என்றார். போகும்போது, "உங்க பையன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நமக்குள்ளயே முடிச்சிருக்கலாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையைப் பிறகு எடுத்துப் பேசுகிறேன்.

நான் கிளறினேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, பெட்டி போன வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். நல்லது செய்யப் போகிறேன் என்ற நினைப்பெல்லாம் இல்லை. கால் போனது. ஸ்டிக்கரில் போட்டிருப்பது பொய் என்றும், பில் கூட வரும் என்றும், கம்பெனிக்குப் புகார் எழுத உதவி செய்கிறேன் என்றும் சொன்னேன். குப்பத்தில் ஒருவர் வலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஸ்டாரு போனா போவட்டும்மா. மீனு கெடாம இருக்குது, தண்ணி சில்லுனு இருக்குது. அத புடுங்கிட்டு போயிடாதீங்க" என்றார். இன்னொரு வீட்டில் ஸ்டிக்கரையே காணோம், குழந்தை கிழித்துவிட்டதாம். நிறையப் பேர் அப்படித்தான். ஓடுகிற பெட்டியின் மேல் அவர்களுக்குக் கோபமில்லை. அஞ்சலை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். வேண்டுமென்றுதான் கடைசியில் வைத்தேன்.

அவளுக்கு விஷயம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஏஜென்சி ஆள் பஜாரில் டீ குடித்தபோது சொன்னது சுற்றி வந்திருக்கிறது. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பில்லு எகிறிடுச்சிக்கா. கதவ சரியா மூடலயோன்னு புள்ளைங்கள போட்டு அடிச்சேன்" என்றாள். "உங்க புள்ள கிட்ட நேருக்கு நேரா கேட்டேன். தெரியும்னா தெரியும், தெரியாதுன்னா தெரியாது. அதுக்கு இன்னாக்கா அம்மாவ கேளுன்றது?"

புகார் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "எழுதி, அவன் வந்து பாத்து, எப்ப குடுக்கறது? கோட போயிடும்" என்றாள். அது சரிதான். மறுநாள் நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் துடைத்து, வண்டி வைத்து அவள் வீட்டில் இறக்கிவிட்டு, அவளுடையதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவள் தடுக்கவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. "இதுல எத்தினி ஸ்டாருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாலு என்றேன். குனிந்து, யூனிட் எண்ணிக்கையை விரலை வைத்துப் படித்துவிட்டு, பிளக்கைச் சொருகினாள். ஆகவே நீ இங்கே வரும்போது அடுப்படியில் நிற்பது அந்தப் பெட்டிதான். பார்த்துத் திடுக்கிடாதே. தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது.

இப்போது ஏஜென்சி ஆள் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத பிள்ளை என்று. நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அந்த நிமிஷமே ஏஜென்சிக்குப் போன் போட்டிருப்பேன். "இன்னா சார் இப்படி பண்ணிட்டீங்க, சரக்க எடுத்துட்டு போங்க" என்று கத்தியிருப்பேன். ஏஜென்சி கம்பெனிக்குச் சொல்லியிருக்கும். இரண்டாவது டெஸ்டுக்குப் பெட்டி எடுப்பதற்குள் கடைகளில் இருக்கிற சரக்கெல்லாம் மாறியிருக்கும். நல்ல பெட்டியாகப் பார்த்து உங்கள் கைக்கு வந்திருக்கும். தேறியிருக்கும். அந்த ஸ்டிக்கர் இன்றைக்கும் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ சொல்லாதது சரி. இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. இந்த மலரைப் படிக்கிற வியாபாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். "நமக்குள்ளயே முடிச்சிருக்கலாம்" என்றால், அந்த நமக்குள் என்பதில் அஞ்சலை எங்கே இருக்கிறாள்?

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை, சரவணா. நீ அன்று டீ குடிக்கப் போனாய். எனக்கு அதுதான் மறுபடி மறுபடி கண்ணில் வருகிறது. ரகசியத்தைச் சொல்லாமலே அந்த விற்பனையை நீ நிறுத்தியிருக்கலாம். "அம்மா, அந்தப் பெட்டி கதவு நசுங்கியிருக்குது, அக்காவுக்கு வேற காட்டு" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கத்தியிருக்கலாம், நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். ஒன்றுமே தோன்றாவிட்டாலும், அங்கேயே உட்கார்ந்து அவள் முகத்தையாவது பார்த்திருக்கலாம். உன் அப்பாவும் இப்படித்தான். சரி எது என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் ஏறி நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கடையில் கடன் கிடையாது என்று ஒரு சட்டம் போட்டார். நல்ல சட்டம்தான். அதே சட்டத்தைச் சொல்லி, மழையில் நனைந்துகொண்டு பேட்டரி லைட் கேட்டு வந்த தன் சொந்தத் தம்பியையே திருப்பி அனுப்பினார். அவர் செய்தது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் சித்தப்பா அதன் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை.

ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட்தான், ஆனால் எல்லா வீடுகளையும் கூட்டினால் அதற்கென்றே ஒரு மின் நிலையம் கட்ட வேண்டியிருக்கும் என்று நீ சொல்வாய். நான் நம்புகிறேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். யாராவது அப்படிப் பார்க்கத்தான் வேண்டும். இங்கே என் கடைக்கு ஒவ்வொரு வீடாகத்தான் வருகிறது. நித்யாவும் உனக்கு எல்லா வீடுகளோடு சேர்ந்த ஒரு வீடாக இருக்க மாட்டாள். அவளிடம் சொல்ல முடியாதவை உன் வேலையில் நிறைய வரும். அப்போது எழுந்து வெளியே போகாதே. "இத இப்ப சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே இரு. அவள் கோபப்படுவாள். படட்டும். கோபப்படுகிறவளுக்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

போன வாரம் நீ போன் செய்த மறுநாள், நான் நம்மூரிலேயே கல்யாண மண்டபம் பேசிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நித்யாவின் அம்மாவிடம் பேசினேன், அவர்களுக்குக் கடலூரிலிருந்து டெல்லியைவிட இது பக்கம் என்றார்கள். பிறகு அஞ்சலை வீட்டுக்குப் போய் வாய்வார்த்தையாக அழைத்தேன். அன்றைக்கு உள்ளே கூப்பிட்டாள். உட்காரச் சொன்னாள். பிறகு, "வர்றேங்க்கா. காலை டிபனுக்கு மாவு நாந்தான் குடுப்பேன், வேற எவ கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். "ஆனா தம்பி கிட்ட ஒண்ணு கேப்பேன். மேடையில இல்ல, தனியா. அன்னிக்கி நீங்க வாய தொறந்திருந்தா உங்க வேல போயிருக்குமான்னு கேப்பேன். போயிருக்கும்னு சொல்லிட்டாருன்னா எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வுட்டுடுவேன்."

"போயிருக்காதுன்னு சொன்னா?" என்றேன்.

"அப்பவும் டிபன் சாப்ட்டுட்டுதான் போவேன்" என்றாள்.

போயிருக்குமா போயிருக்காதா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று அவளிடம் சொல். இந்தத் தடவை என் பக்கம் கையைக் காட்டாதே.

என் மேல் கோபமா அம்மா என்று போனை வைக்கும் முன் கேட்டாய். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. நிஜமாகவே தேடிப் பார்த்தேன், சரவணா. கோபம் இல்லை. அழுகையும் இல்லை. உன் கல்யாணம் என்று மனசில் சொல்லிப் பார்த்தேன், சந்தோஷம்கூட இன்னும் வந்து சேரவில்லை. உன் அப்பா போனபோதும் இப்படித்தான் இருந்தேன். பல மாதம் கழித்து, நீ செமஸ்டர் லீவுக்கு வந்து வாசலில் பையைத் தோளிலிருந்து இறக்கியபோதுதான் மொத்தமும் சேர்ந்து வந்தது. இந்தத் தடவையும் உன்னைப் பார்த்தால் ஏதாவது வரும். என்ன வரும் என்று தெரியவில்லை. அது மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் வந்துவிடக் கூடாது. ஆகவே, லீவு இல்லை கீவு இல்லை என்று சொல்லாமல், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, தனியாக வந்துவிடு.

அம்மா